ரூட் ஹப் தெரிகிறது, பென் டிரைவ் தெரியவில்லை: எம்பெடட் போர்டில் யூஎஸ்பி ஹோஸ்ட்டை ஓட வைக்கும் வழி

புது போர்டில் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்தால் ரூட் ஹப் என்று ஒரு வரி வருகிறது. ஆனால் பென் டிரைவைச் செருகினால் கெர்னல் லாகில் ஒரு வரிகூட நகரவில்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். நானும் இதோடு நன்றாக மல்லுக்கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். தேவையான விவரம் எல்லாமே ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று எங்கும் சொல்லியிருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 பற்றியே பேசுவேன். 3.0 போர்ட்டிலும் முதலில் ஓட வேண்டியது அதுதான்.

1. ரூட் ஹப் என்பது எது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கடையில் வாங்கும் ஹப்புக்குள் ஒரு சிப் இருக்கும். ரூட் ஹப் அப்படித் தனிச் சிப் இல்லை. ஹோஸ்ட் கன்ட்ரோலருக்குள் (யூஎஸ்பி பஸ்ஸை நடத்தும் வன்பொருள்) ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. ஏதாவது செருகியிருக்கிறதா, போர்ட் இயக்கத்தில் இருக்கிறதா, பவர் போகிறதா, எந்த வேகம் என்பதெல்லாம் அதில் பிட்களாக இருக்கும். கன்ட்ரோலரின் டிரைவர் இந்த ரெஜிஸ்டர்களை எடுத்து, மேலே இருக்கும் யூஎஸ்பி கோருக்கு ஒரு ஹப் போல வேடம் கட்டிக் காட்டுகிறது. ஹப் டிஸ்க்ரிப்டர் (கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் விவரத் தொகுப்பு) கேட்டால், டிரைவரே ஒன்றை உருவாக்கித் திருப்பித் தருகிறது. அது எந்த ஒயரிலிருந்தும் வருவதில்லை.

அதனால்தான் லினக்ஸில் ரூட் ஹப்பின் வெண்டர் ஐடி எப்போதும் 1டி6பி என்று இருக்கும். அது லினக்ஸ் ஃபவுண்டேஷனுடைய எண். ப்ராடக்ட் ஐடி 0001 என்றால் 1.1, 0002 என்றால் 2.0, 0003 என்றால் 3.0. ஒவ்வொரு பஸ்ஸிலும் அதன் முகவரி 1.

ரூட் ஹப் வரி வந்துவிட்டால் டிரைவர் ஏறிவிட்டது, கன்ட்ரோலர் ரெஜிஸ்டர்கள் படிக்க முடிகிறது என்பது மட்டும்தான் உறுதி. ஃபை (டேட்டா ஒயர்களில் சிக்னலை அனுப்பிப் பெறும் சுற்று) வேலை செய்கிறதா, 5 வோல்ட் வெளியே வருகிறதா, டேட்டா ஒயர் இரண்டும் சரியாகப் போகின்றனவா என்பது எதையும் அந்த வரி சொல்லாது. கனெக்டரையே பிடுங்கி எறிந்தாலும் ரூட் ஹப் தெரியத்தான் செய்யும். "ரூட் ஹப் வருகிறதே, அப்போ ஹார்டுவேர் சரிதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

- சிப்பின் ரெஃபரன்ஸ் மேனுவல். டேட்டாஷீட் மட்டும் போதாது, ரெஜிஸ்டர் விவரம் மேனுவலில்தான் இருக்கும்.
- அதே சிப்பின் எர்ரட்டா, அதாவது தெரிந்த குறைகளின் பட்டியல். உங்கள் சிப் எந்த ரிவிஷன் என்று மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அந்த ரிவிஷனுக்கான பகுதியைப் படியுங்கள். யூஎஸ்பி என்ற சொல்லைத் தேடினாலே பல நாள் வேலை மிச்சமாகலாம்.
- ஃபை தனிச் சிப் என்றால் அதன் டேட்டாஷீட். விபஸ் (கனெக்டருக்குப் போகும் 5 வோல்ட் லைன்) ஸ்விட்ச் சிப்பின் டேட்டாஷீட்டும் வேண்டும்.
- போர்டின் ஸ்கீமாட்டிக்.
- கெர்னல் சோர்ஸுக்குள் இருக்கும் டிவைஸ் ட்ரீ (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்) பைண்டிங் ஆவணங்களில் யூஎஸ்பி, ஃபை என்ற இரண்டு அடைவுகள். நீங்கள் ஓட்டும் அதே கெர்னல் பதிப்பிலிருந்து எடுங்கள்.
- யூஎஸ்பி 2.0 ஸ்பெசிஃபிகேஷன். யூஎஸ்பி-ஐஎஃப் தளத்தில் இலவசம். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. மின்சார விவரத்துக்கு 7-ஆம் அத்தியாயம், என்யூமரேஷனுக்கு (செருகிய கருவியை அடையாளம் கண்டு முகவரி தருவது) 9, ஹப்புக்கு 11. இந்த மூன்றும் போதும்.

ஸ்கீமாட்டிக் கிடைக்காத போர்டில் இந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

3. உங்கள் கன்ட்ரோலர் எந்தக் குடும்பம்?

நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது இவற்றில் ஒன்று. யூஎஸ்பி 2.0-க்கு ஈஹெச்சிஐ, அதோடு ஜோடியாக ஓஹெச்சிஐ. 3.0 வந்துவிட்டால் எக்ஸ்ஹெச்சிஐ, பெரும்பாலும் சினாப்சிஸின் டிடபிள்யூசி3 கோருக்குள். மைக்ரோகன்ட்ரோலர்களிலும் பழைய ராஸ்பெர்ரி பைகளிலும் டிடபிள்யூசி2. பீகிள்போன் பிளாக் போன்றவற்றில் மஸ்பி. ஐ.எம்எக்ஸ்6 வகையில் சிப்ஐடியா.

ஈஹெச்சிஐயில் ஒரு பொறி இருக்கிறது. அது 480 மெகாபிட் ஹை ஸ்பீடை மட்டும்தான் பேசும். 12 மெகாபிட் ஃபுல் ஸ்பீடோ 1.5 மெகாபிட் லோ ஸ்பீடோ செருகப்பட்டால், பல சிப்களில் அந்தப் போர்ட்டை அது ஓஹெச்சிஐயிடம் ஒப்படைத்துவிடும். கெர்னல் கட்டமைப்பில் ஓஹெச்சிஐ டிரைவரைச் சேர்க்காமல் விட்டிருந்தால் பென் டிரைவ் ஓடும், கீபோர்டும் மவுஸும் ஓடாது. பார்ப்பவர் கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். சிப்ஐடியா போன்ற சில கோர்களில் ரூட் ஹப்புக்குள்ளேயே மெதுவான வேகங்களை மாற்றிக் கொடுக்கும் ட்ரான்ஸாக்ஷன் ட்ரான்ஸ்லேட்டர் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது எது என்று மேனுவலில் பாருங்கள்.

எக்ஸ்ஹெச்சிஐ எல்லா வேகத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே கன்ட்ரோலர் இரண்டு ரூட் ஹப்களாகத் தெரியும்: 2.0-க்கு ஒரு பஸ், 3.0-க்கு ஒரு பஸ். போர்டில் ஒரே கனெக்டர்தானே இருக்கிறது என்று குழம்ப வேண்டாம். இதில் ஒரு நன்மையும் உண்டு. 3.0 டிவைஸைச் செருகியும் அது 480 என்று காட்டும் பஸ்ஸிலேயே போய் உட்கார்ந்தால், சூப்பர்ஸ்பீடு ஜோடி ஒயர்களிலோ கேபிளிலோ 3.0 ஃபையிலோதான் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

4. கிளாக்கும் ஃபையும்

ரூட் ஹப்பே வரவில்லை என்றால் இங்கே தொடங்குங்கள். பூட்லோடரிலிருந்து கன்ட்ரோலரின் அடையாள ரெஜிஸ்டரைப் படித்துப் பாருங்கள். டிடபிள்யூசி2 என்றால் 40 ஹெக்ஸ் ஆஃப்செட்டில் மேல் பாதி 4எஃப்54 என்று வர வேண்டும். டிடபிள்யூசி3 என்றால் சி120 ஆஃப்செட்டில் மேல் பாதி பொதுவாக 5533 என்று இருக்கும். சரியான எண் வந்தால் முகவரியும் பஸ் கிளாக்கும் சரி. போர்டு அப்படியே உறைந்துபோனால் அல்லது எக்ஸெப்ஷன் வந்தால், அநேகமாக கன்ட்ரோலரின் கிளாக் இன்னும் திறக்கப்படவில்லை, அல்லது பவர் டொமைன் அணைந்து கிடக்கிறது.

ரெஜிஸ்டர் படிக்க முடிகிறது, ஆனால் டிரைவர் சாஃப்ட் ரீசெட்டில் டைம்அவுட் ஆகிறதா? டிடபிள்யூசி2-வில் இதற்கு வழக்கமான காரணம் ஃபையிலிருந்து கிளாக் வராததுதான். யூஎல்பிஐ (கன்ட்ரோலரையும் ஃபையையும் இணைக்கும் இடைமுகம்) வகை வெளி ஃபை என்றால் 60 மெகாஹெர்ட்ஸ் கிளாக் இருக்க வேண்டும். ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஃபையின் ரீசெட் பின், அதற்கான கிறிஸ்டல், அதன் சப்ளை என்று இதே வரிசையில் பின்னோக்கிப் போங்கள். ரீசெட் பின்னின் ஜிபிஐஓ டிவைஸ் ட்ரீயில் தலைகீழ் போலாரிட்டியில் எழுதப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கும் விஷயம்.

5. விபஸ்: பாதிக்கு மேல் சிக்கல் இங்கேதான்

ஹோஸ்ட் என்றால் 5 வோல்ட் கொடுப்பவர் நீங்கள். பென் டிரைவுக்கு விபஸ் வரவில்லை என்றால் அது உயிரோடு இருப்பதையே காட்டாது. டிவைஸ் தன் 1.5 கிலோ ஓம் புல்அப்பை டி பிளஸ்ஸில் (லோ ஸ்பீடு என்றால் டி மைனஸ்ஸில்) போட்டால்தான், ஹோஸ்ட் பக்கம் இருக்கும் 15 கிலோ ஓம் புல்டவுனை மீறி லைன் உயரும். அந்த உயர்வுதான் போர்ட் ரெஜிஸ்டரில் கனெக்ட் பிட்டை எழுப்புகிறது. லாகில் எந்த வரியும் வரவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து முதலில் விபஸ்ஸை அளக்கவும். கெர்னலைத் தோண்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

0 வோல்ட் இருந்தால்: விபஸ் ஸ்விட்ச்சின் எனேபிள் பின்னைப் பாருங்கள். சில ஸ்விட்ச்கள் ஹையில் திறக்கும், சில லோவில். ஒரே பெயரில் கடைசி இலக்கம் மட்டும் மாறும் இரட்டைப் பிறவிகள் உண்டு. பொருள் தட்டுப்பாட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிட்டால் முழு பேட்ச்சும் தலைகீழாக ஓடும்.

5 வோல்ட் இருந்து, ஓவர்கரண்ட் என்று லாக் கத்தினால்: ஃபால்ட் பின் ஓபன் டிரெயின், அதற்குப் புல்அப் வேண்டும். புல்அப் இல்லாமல் மிதந்தாலோ, கன்ட்ரோலரின் ஓவர்கரண்ட் உள்ளீடு எங்கும் இணைக்கப்படாமல் போலாரிட்டி தவறாக எழுதப்பட்டிருந்தாலோ, ஒன்றுமே செருகாதபோதுகூட ஓவர்கரண்ட் வரும். சிப்ஐடியா கோருக்கு இதற்கென்றே டிவைஸ் ட்ரீயில் தனிப் பண்புகள் இருக்கின்றன.

செருகியதும் போர்டே ரீபூட் ஆனால்: சப்ளை சரிந்துவிட்டது. ஹோஸ்ட் பக்கம் விபஸ்ஸில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட், குறைந்த ஈஎஸ்ஆர் கெப்பாசிட்டர் வேண்டும் என்று 2.0 ஸ்பெக் சொல்கிறது. செருகும் நொடியில் மற்ற போர்ட்டுகளின் விபஸ் 330 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது. பென் டிரைவ் ஓடுகிறது, ஆனால் சுழலும் ஹார்டு டிஸ்க் சொடக்குப் போட்டு அடங்குகிறது என்றால் மின்னோட்டம் போதவில்லை. 2.0 போர்ட்டுக்கு 500 மில்லிஆம்ப், 3.0-க்கு 900 என்பது ஸ்பெக் கணக்கு. முழு லோடில் கனெக்டரில் 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று அளந்து பாருங்கள். லோடு இல்லாமல் அளந்த 5.02 வோல்ட்டால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று: தனி அடாப்டர் உள்ள மலிவு ஹப்கள் சில, விபஸ் வழியாகவே உங்கள் போர்டுக்குப் பின்னோக்கி மின்சாரம் தள்ளும். போர்டின் பவரைப் பிடுங்கிய பிறகும் எல்இடி எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ரிவர்ஸ் தடுப்பு உள்ள ஸ்விட்ச்சைப் போட்டால் இந்தத் தலைவலி போய்விடும். சின்ன ஸ்விட்ச் சிப்பில் மிச்சம் பிடிக்கும் காசு, போர்டை மறுபடி அடிக்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டைப் சி கனெக்டர் வைத்திருந்தால் விதி வேறு. சிசி பின்னில் எதிர்ப்பக்கத்தின் 5.1 கிலோ ஓம் புல்டவுன் தெரிந்த பிறகே விபஸ் கொடுக்க வேண்டும். எப்போதும் 5 வோல்ட் விட்டு வைப்பது டைப் ஏ-வில் நடக்கும், இங்கே கூடாது.

6. டிவைஸ் ட்ரீயில் மூன்றே மூன்று விஷயம்

முதலாவது, ரோல். டிஆர் மோட் என்ற பண்பில் ஹோஸ்ட் என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் பல கோர்கள் ஓடிஜியாக (ஹோஸ்ட்டாகவும் டிவைஸாகவும் மாறக்கூடியது) ஐடி பின்னைப் பார்த்து முடிவெடுக்கும். மைக்ரோ ஏபி கனெக்டரில் ஐடி பின் கிரவுண்டில் இருந்தால் ஹோஸ்ட், மிதந்தால் டிவைஸ். டைப் ஏ கனெக்டரில் ஐடி பின்னே கிடையாது. மிதக்கும் ஐடியைப் பார்த்துக் கன்ட்ரோலர் தன்னை டிவைஸ் என்று முடிவு செய்துவிட்டு, இருபுறமும் சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஃபைக்கான இணைப்பு. மூன்றாவது, விபஸ் ரெகுலேட்டர். இதை எந்த நோடில் எழுதுவது என்பது டிரைவருக்கு டிரைவர் மாறும்: சிலது கன்ட்ரோலர் நோடில் தேடும், சிலது ஃபை நோடில். பைண்டிங் ஆவணம் இதற்குத்தான். அவசரத்துக்கு ரெகுலேட்டரை எப்போதும் ஆன் என்று போட்டுப் பரிசோதிக்கலாம். ஆனால் அப்படியே விட்டால் ஓவர்கரண்ட் வந்த பிறகு கெர்னலால் போர்ட்டை அணைத்துத் திறக்க முடியாது.

7. செருகியது முதல் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம்

வரிசை இது. கனெக்ட் பிட் எழுந்ததும் அது நிலையாக இருக்கிறதா என்று 100 மில்லிநொடி பார்க்கப்படும். அப்புறம் ரூட் போர்ட்டில் குறைந்தது 50 மில்லிநொடி ரீசெட். டிவைஸ் ஹை ஸ்பீடுக்குத் தகுதி உள்ளது என்றால் இந்த ரீசெட்டுக்குள்ளேயே சிர்ப் (ஹை ஸ்பீடு பேசலாமா என்று இருபுறமும் கேட்டுக்கொள்வது) சைகை பரிமாறிக்கொள்ளப்படும். பிறகு 10 மில்லிநொடி ஓய்வு. முகவரி 0-இல் டிஸ்க்ரிப்டரின் முதல் பகுதியைப் படித்தல், புது முகவரி கொடுத்தல், 2 மில்லிநொடி இடைவெளி, அப்புறம் முழு டிஸ்க்ரிப்டர்கள். எல்லாம் நன்றாக இருந்தால் அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

லாகை இந்த வரிசையோடு பொருத்திப் படியுங்கள்:

- ஒரு வரியும் இல்லை: விபஸ், ரோல், ஃபை, அல்லது 8-ஆம் படி.
- புது ஃபுல் ஸ்பீடு டிவைஸ் என்று வருகிறது, ஆனால் அது ஹை ஸ்பீடு பென் டிரைவ்: சிர்ப் தோற்றிருக்கிறது. டேட்டா ஜோடியின் 90 ஓம் இம்பீடன்ஸ், ஈஎஸ்டி டயோடின் கெப்பாசிடன்ஸ், ஃபையின் கேலிப்ரேஷன் ரெசிஸ்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.
- டிஸ்க்ரிப்டர் படிக்கும்போது பிழை -71: பதில் வந்தது, ஆனால் சிதைந்து வந்தது. அல்லது பாக்கெட் அளவிலேயே பதில் இல்லை. சிக்னல் தரம், கேபிள், விபஸ் சரிவு.
- பிழை -110: நேரம் கடந்துவிட்டது. கன்ட்ரோலரின் இன்டரப்ட் வரவில்லை என்றாலும் இதேதான் வரும். ப்ராக் அடைவில் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இந்த முதல் டிஸ்க்ரிப்டர் படிப்புக்கான காத்திருப்பு 5 நொடி. பலமுறை முயலும் என்பதால், பழுதான ஒரு டிவைஸ் செருகியிருந்தால் பூட் உறைந்ததுபோலத் தோன்றும்.
- பிழை -32: டிவைஸ் ஸ்டால் சொல்லிவிட்டது. ஒயர் சரி. பேச்சில்தான் கோளாறு.

-71 வந்ததும் மென்பொருளைக் குறை சொல்லும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். குட்டையான, நல்ல கேபிள்.

8. எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் மட்டும் டிவைஸ் தெரிகிறதா?

இது வந்தால் பேய் பிடித்ததுபோலத்தான் இருக்கும். செருகுகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. என்ன ஆச்சு என்று பார்க்க எல்எஸ்யூஎஸ்பி அடித்ததும் திடீரென்று டிவைஸ் முளைக்கிறது. காரணம் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட். ஒன்றும் செருகாதபோது லினக்ஸ் ரூட் ஹப்பை உறங்க வைத்துவிடும். செருகியதும் போர்ட் ஒரு எழுப்பு இன்டரப்ட் தர வேண்டும். அந்த வழி உங்கள் சிப்பில் சரியாக அமையவில்லை என்றால் யாரும் எழுப்ப மாட்டார்கள். எல்எஸ்யூஎஸ்பி வந்து தட்டும்போதுதான் ரூட் ஹப் விழித்து, போர்ட்டைப் பார்க்கிறது.

உறுதிப்படுத்த, கெர்னல் பூட் வரியில் யூஎஸ்பி கோரின் ஆட்டோசஸ்பெண்ட் மதிப்பை -1 என்று கொடுங்கள். பிரச்சினை மறைந்தால் காரணம் இதுதான். பேட்டரியில் ஓடாத கருவி என்றால் அப்படியே விட்டுவிடலாம். பேட்டரி என்றால் எழுப்பு இன்டரப்டையும், உறக்கத்தில் எந்தக் கிளாக் அணைக்கப்படுகிறது என்பதையும் சரிசெய்தாக வேண்டும். இந்த வேலைக்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்குங்கள். சிப் தயாரிப்பாளரின் உதவி இல்லாமல் இது முடிவது கடினம்.

9. நடுவே ஹப் வைக்கும்போது

ஸ்பெக் கணக்கில் ஒரு பஸ்ஸில் 127 டிவைஸ், வரிசையாக 5 ஹப் வரை. எம்பெடட் கன்ட்ரோலரில் அதற்கு வெகு முன்பே முட்டிக்கொள்வீர்கள்.

டிடபிள்யூசி2-வில் ஹோஸ்ட் சேனல் என்று ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஓடும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு சேனல் வேண்டும். எஸ்டிஎம்32எஃப்4-இன் ஃபுல் ஸ்பீடு கோரில் இருப்பது 8. ஹப்பின் ஸ்டேட்டஸ் பார்க்கவே ஒன்று போய்விடும். போதாக்குறைக்கு, ஹை ஸ்பீடு ஹப்புக்குப் பின்னால் கீபோர்டு போன்ற மெதுவான டிவைஸ் வந்தால் ஸ்ப்ளிட் ட்ரான்ஸாக்ஷன் (ஒரு பரிமாற்றத்தைத் தொடக்கம், முடிவு என்று பிரித்து நடத்துவது) தேவை. ஈஹெச்சிஐ, எக்ஸ்ஹெச்சிஐ இதை ஹார்டுவேரிலேயே நடத்தும். டிடபிள்யூசி2-வில் மென்பொருள்தான் 125 மைக்ரோநொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து நடத்த வேண்டும். நொடிக்கு 8000 தடவை. ராஸ்பெர்ரி பையின் பழைய டிரைவரில் இதற்காகவே ஃபாஸ்ட் இன்டரப்டைப் பயன்படுத்தினார்கள்.

இரண்டு வெப்கேம் போட்டதும் "டிவைஸில் இடமில்லை" என்று பிழை -28 வந்தால், எஸ்டி கார்டைக் காலி செய்யாதீர்கள்! அது பேண்ட்வித் இல்லை என்பதைச் சொல்கிறது. ஐசோக்ரனஸ் (வீடியோ போல நேரம் தவறாமல் போக வேண்டியவை), இன்டரப்ட் பரிமாற்றங்களுக்கு ஹை ஸ்பீடில் ஒவ்வொரு மைக்ரோஃப்ரேமிலும் (125 மைக்ரோநொடி) 80 சதவீதம் வரைதான் ஒதுக்கலாம். வெப்கேம்கள் தேவைக்கு மேல் கேட்டு வாங்கும். தெளிவுத்திறனைக் குறையுங்கள், சுருக்கிய வடிவம் கேளுங்கள், அல்லது இரண்டையும் வேறு வேறு கன்ட்ரோலரில் செருகுங்கள். ஒரே ரூட் ஹப்பின் இரண்டு போர்ட்டில் மாற்றிச் செருகினால் பொதுவாகப் பயனில்லை, பஸ் ஒன்றுதான்.

10. லினக்ஸ் இல்லாத மைக்ரோகன்ட்ரோலர் என்றால்

சுருக்கமாக மூன்று எச்சரிக்கை. நீங்கள் எடுக்கும் ஹோஸ்ட் லைப்ரரி ஹப்பை ஆதரிக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பல லைப்ரரிகள் ஒரு போர்ட்டில் ஒரே டிவைஸ் என்று எழுதப்பட்டவை. சில கீபோர்டுகளுக்குள்ளேயே ஹப் இருக்கும், அவை இங்கே ஓடாது. அடுத்து டிஎம்ஏ (ப்ராசஸர் தலையிடாமல் டேட்டாவை நினைவகத்துக்கு நகர்த்தும் வசதி): எஸ்டிஎம்32எஃப்4-இல் சிசிஎம் நினைவகத்தை டிஎம்ஏ எட்டாது. பஃபர் அங்கே விழுந்தால் டேட்டா வராது. கார்டெக்ஸ் எம்7 என்றால் கேஷ் வரி 32 பைட். பஃபரை அதற்குச் சீராக்கி, அனுப்பும் முன் கிளீன், வாங்கிய பின் இன்வாலிடேட் செய்யுங்கள். சிலநேரம் ஓடும், சிலநேரம் ஓடாது என்ற வகைப் பிழைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மூன்றாவது, ஹை ஸ்பீடு என்று பெயர் போட்ட கோரிலும் வெளி யூஎல்பிஐ ஃபை இல்லாமல் 12 மெகாபிட்தான் கிடைக்கும் என்ற சிப்கள் உண்டு. ஃபைக்கு 12 பின் போகும். பின் ஒதுக்கீட்டை முடிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

11. எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

மல்டிமீட்டரும் சாதாரண 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பும் 4, 5-ஆம் படிகளுக்குப் போதும். யூஎஸ்பி பரிமாற்றங்களைப் பதிவுசெய்யும் கெர்னலின் யூஎஸ்பிமான் இலவசம், வயர்ஷார்க்கில் திறந்து படிக்கலாம். ஆனால் அது டிரைவர் கேட்டதையும் பெற்றதையும் மட்டுமே காட்டும். ஒயரில் நடந்த மறுமுயற்சிகள் தெரியாது. அவை வேண்டுமென்றால் ஹார்டுவேர் அனலைசர்தான், ஃபுல் ஸ்பீடு மட்டும் பார்ப்பது மலிவு. ஹை ஸ்பீடின் ஐ டயகிராம் (சிக்னல் தரத்தைக் காட்டும் படம்) எடுக்க 2 கிகாஹெர்ட்ஸ் வகை ஸ்கோப்பும் டெஸ்ட் ஃபிக்சரும் வேண்டும். அதை வாங்காதீர்கள், பரிசோதனைக்கூடத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். போகும் முன், போர்ட்டை டெஸ்ட் பாக்கெட் நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளை உங்கள் போர்டில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாடகை நேரம் முழுவதும் அதைத் தேடுவதிலேயே போய்விடும்.

ஹோஸ்ட் மட்டும் செய்பவர் வெண்டர் ஐடி வாங்கத் தேவையில்லை. லோகோ ஒட்டுவதாக இருந்தால் சான்றிதழ் உண்டு. எம்பெடட் ஹோஸ்ட்டுக்கான துணை ஸ்பெக்படி, எந்தெந்த டிவைஸ் ஓடும் என்ற இலக்கு டிவைஸ் பட்டியலை நீங்களே தர வேண்டும். பட்டியலில் இல்லாததைச் செருகினால் பயனருக்குப் புரியும்படி ஒரு செய்தியும் காட்ட வேண்டும், மௌனமாக இருக்கக் கூடாது. திரையே இல்லாத கருவியில் இந்தச் செய்தியை எதால் காட்டுவது என்று போர்டு வரையும்போதே முடிவெடுங்கள், அதற்கு ஒரு எல்இடியாவது வேண்டியிருக்கும்.